வெறும் தக்காளிக் குழம்பு

“இன்னைக்கு இன்னா கொழம்பு?” என்று ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்டால், மீன், கறி, கருவாடு, சாம்பார் என்று அடுப்பில் இருப்பதன் பெயர் மட்டும் பதிலாக வரும். தக்காளிக் குழம்புக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளும்: “வெறும் தக்காளிக் கொழம்புதான்க்கா.” முன்னால் ஒரு ‘வெறும்’, பின்னால் ஒரு ‘தான்’. குழம்பு எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும்.

இந்தக் கட்டுரை அந்த ‘வெறும்’ பற்றியது. அடுப்படியில் பெண்கள் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் இந்தச் சொல், இலக்கிய மேடைகளில் பெண்களின் எழுத்தைப் பற்றிப் பிறர் சொல்லும் சொல்லாகவும் இருக்கிறது. “வெறும் அனுபவப் பதிவு.” “வெறும் சமையலறைக் கவிதை.” இரண்டு இடத்திலும் அது ஒரே காரியத்தைத்தான் செய்கிறது என்பது என் வாதம். ஒரு வேலைக்குள் இருக்கும் அறிவையும் கணக்கையும் அது மறைத்துவிடுகிறது.

மீன் இல்லாத நாள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நீளும் கடற்கரையில் பல வீடுகளில் குழம்பு என்றாலே மீன் குழம்புதான். தக்காளிக் குழம்பு, மீன் இல்லாத நாளின் குழம்பு. அதே மிளகாய்த்தூள், அதே புளி, அதே வெந்தயத் தாளிப்பு. மீன் மட்டும் இல்லை. ஆகவே ‘வெறும்’ என்பது முதலில் ஒரு தகவல்: சட்டியில் எது இல்லை என்பதைச் சொல்கிறது.

எது இல்லை என்பதற்குப் பின்னால் ஏன் இல்லை என்பதும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது. பிறகு ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை வந்தது. படகும் வலையும் கறுத்தன. எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்களை நாளிதழ்களில் பார்த்தோம். அந்த வாரங்களில் முகத்துவாரத்து வீடுகளில் சாயங்காலம் என்ன கொதித்தது என்ற கேள்வி, நான் படித்த செய்திகளில் கண்ணில் படவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் வேறொன்று நடந்திருந்தது. தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. மாநில அரசு சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அதில் 32 கடைகள் வடசென்னையில். மீன் கிடைக்காதபோது கைகொடுக்கும் குழம்புக்கே ஆபத்து வந்துவிட்டது. ‘வெறும்’ என்று தள்ளிவைத்த பொருளுக்காக ஓர் அரசாங்கம் கூட்டுறவுத் துறையை இறக்கிவிட வேண்டியிருந்தது.

அந்த மாதம் என் மாணவி ஒருத்தி எழுதிய கவிதையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். திருவொற்றியூர்ப் பெண். வீட்டில் முதல் பட்டதாரி. கவிதையில் நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. எண்ணிக்கைதான் இருந்தது. முதல் வாரம் குழம்பில் ஆறு தக்காளி. அடுத்த வாரம் நாலு. பிறகு இரண்டு. தக்காளி குறையக் குறைய அம்மா புளியைக் கூட்டுகிறாள், ஒரு வெங்காயம் அதிகம் வதக்குகிறாள், கடைசியில் ஒரு துளி வெல்லம் போடுகிறாள். அப்பா தினமும் ஒரே மாதிரி சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறார். அவர் எதையும் கவனிக்கவில்லை என்பதை அம்மா நின்று கவனிக்கிறாள். அவ்வளவுதான் கவிதை.

கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் இதைப் படித்த நடுவர், இது வெறும் சமையல் குறிப்பு, கவிதை எங்கே இருக்கிறது என்று மேடையிலேயே கேட்டார். நான் கீழே உட்கார்ந்திருந்தேன். அவர் பெயர் இங்கே தேவையில்லை. அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல.

அவருக்கான பதிலை ஒரு விமர்சகராக இங்கே எழுதிவிடுகிறேன். அந்தக் கவிதையில் குறைந்துகொண்டே வருவது தக்காளி. குறையாமல் இருப்பது அப்பாவின் நாக்கில் படும் ருசி. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு பெண் தன் கையால் தினமும் நிரப்புகிறாள். விலைவாசி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்பது தெரியாமல் இருப்பதற்காகத்தான் அவள் உழைக்கிறாள். ‘ஒன்றும் மாறவில்லை’ என்ற தோற்றம்தான் அவள் சமைத்துப் பரிமாறும் பொருள். அவள் வேலை வெற்றி பெற்றால் அது தெரியாது. தெரியாததால் அது ‘வெறும்’ ஆகிறது. இவ்வளவையும் புலம்பாமல், எண்களை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தாள் அந்த மாணவி. கவிதை அங்கேதான் இருந்தது.

பக்குவம் என்பது என்ன

சமையல் குறிப்பு என்பது இழிவான வடிவமா என்பதைப் பார்க்க, குறிப்பையே எழுதிப் பார்ப்போம். நாலு பேருக்கு அரைக் கிலோ தக்காளி. ஒரு கை சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு. மூன்று கரண்டி நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் அரை ஸ்பூன் வெந்தயம். வெந்தயம் சிவக்க வேண்டும், கறுக்கக் கூடாது; கறுத்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். இரண்டுக்கும் இடையே சில நொடிகள்தான். கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு வதங்கியதும் நறுக்கிய தக்காளியை உப்போடு சேர்த்துப் போட வேண்டும். உப்பு தக்காளியின் நீரை இழுத்து வெளியே கொண்டுவரும். அடி பிடிக்காமல் தன் நீரிலேயே அது குழையும். தோல் தனியே சுருண்டு, சதை திரண்டு வரும்போது தீயைக் குறைத்து மஞ்சள்தூளும் இரண்டு ஸ்பூன் குழம்பு மிளகாய்த்தூளும். தூள் எண்ணெயில் பொரிந்து மணக்க வேண்டும், கருகக் கூடாது. உடனே புளித் தண்ணீர். பச்சை வாசனை போகும்வரை கொதி. பிறகு இரண்டு சில்லு தேங்காயைச் சோம்போடு அரைத்து ஊற்றி, ஓரத்தில் எண்ணெய் மிதந்து வரும்போது இறக்க வேண்டும்.

எவ்வளவு புளி என்று நான் எழுதவில்லை. எழுத முடியாது. நறுக்கும்போதே ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். நாட்டுத் தக்காளி புளிக்கும். அதற்குச் சுண்டைக்காய் அளவு போதும். பெங்களூர்த் தக்காளி கெட்டிச் சதை, புளிப்புக் குறைவு. அதற்கு நெல்லிக்காய் அளவு. முருங்கைக்காயோ கத்திரிக்காயோ போடுவதாக இருந்தால் புளிக்கு முன்னால் வேகவைத்துவிட வேண்டும். “புளி ஊத்துனா காய் வேவாது” என்பது எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்குத் தெரிந்த விஷயம். அமிலம் காயின் செல்சுவரை இளக விடாமல் இறுக்கி வைக்கிறது என்று வேதியியல் அதையே சொல்கிறது. ‘பச்சை வாசனை போவது’ என்பதற்கு எந்தக் கடிகாரமும் இல்லை. அதை மூக்குதான் அளக்கிறது, அதுவும் பக்கத்து அறையில் குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொண்டே.

இந்த அறிவுக்கெல்லாம் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர் ‘கைமணம்’. எனக்கு அந்தச் சொல்லின்மேல் கோபம் உண்டு. மணம் பூவுக்கு இருப்பதுபோல் பெண்ணின் கைக்கு இயல்பாகவே இருக்கிறது என்று அது சொல்கிறது. இயல்பாக இருப்பதை யாரும் கற்க வேண்டியதில்லை, கற்பிக்க வேண்டியதில்லை, அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதும் இல்லை. ‘கைமணம்’ பாராட்டின் வடிவில் வரும் ‘வெறும்’. ‘பக்குவம்’ என்ற சொல் மேலானது. பக்குவம் பழகி வருவது. பழகி வருவதை இன்னொருவரும் பழகலாம். ஆணும் பழகலாம்.

மிளகாய்த்தூள் விஷயமும் அப்படித்தான். குண்டு மிளகாயோ நீட்டு மிளகாயோ, தனியா, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து மெஷினில் கொடுத்து அரைப்பதை ‘வெறும் வீட்டு வேலை’ என்பார்கள். மொட்டை மாடிக்கு ஓர் அரசியல் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வதை நிறுத்த வேண்டும் என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. காரணம், வடசென்னைமேல் படியும் தூசு. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்து மாடிகளுக்கு விடிவு வந்தது. ஏற்கனவே அனல்மின் நிலையங்களின் சாம்பலோடு வாழும் எண்ணூர்ப் பக்கத்துக்கு அந்தக் கரி போய்ச் சேர்ந்தது. மிளகாய்மேல் பழைய வேட்டியைப் போர்த்திக் காயவைக்கும் பெண்ணுக்கு இந்தத் தீர்ப்பின் வரலாறு தெரியாமல் இருக்கலாம். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரியும்.

செவிலி பார்த்த புகை

தமிழ் இலக்கியத்தில் புளிப்புச் சமையலுக்கு ஒரு தொன்மையான சாட்சி உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது. கெட்டித் தயிரைப் பிசைந்த விரல்களைத் துடைத்த ஆடையைத் துவைக்காமல் அப்படியே உடுத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, ஓர் இளம்பெண் தானே துழாவிப் புளிப்புக் குழம்பு வைக்கிறாள். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பறைகளில் இது பல்லாண்டுகளாக நடத்தப்படுகிறது. அந்த இனிமை பாடலில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இனிமைக்கு முன்னால் பாடல் எதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்: கறை, கசங்கிய துணி, புகை ஏறிய கண், ஓயாத கை.

அவள் ஏன் துணியை மாற்றப் போகவில்லை என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி, “தாளிச்சிட்டு எப்டி மேம் வுட்டுட்டுப் போவ முடியும்? கருவிடும்ல” என்றாள். இதைவிடச் சரியான உரை எனக்குத் தெரியவில்லை. அடுப்பின் நேரம் அவளை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. அவசரமும் அன்பும் அந்த இடத்தில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. உழைப்பை அழித்துவிட்டு அன்பை மட்டும் எடுத்துக்கொள்வது வாசிப்பு அல்ல.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பாடலைச் சொல்வது கணவன் இல்லை, மனைவியும் இல்லை. மகள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்லும் செவிலித்தாய். வளர்க்கும் வேலை செய்தவள். வேலை செய்தவளின் கண்ணுக்குத்தான் துவைக்காத துணியும் புகையும் படும். விருந்துக்கு வந்த ஒருவர் பார்த்திருந்தால் குழம்பு மட்டும்தான் பாட்டில் இருந்திருக்கும். யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு வேலை வெறும் வேலையாவதும் பாடலாவதும்.

அறை இல்லாத மூலை

நவீன காலத்தில் இந்த வேலையை எழுத்தில் கொண்டுவந்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. இளம் வயதில் கணவரை இழந்தவர். மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இல்லாத இளம்பெண் படித்துச் செய்யும்படி, அளவோடு எழுதினார். கைமணம் என்ற மாயத்தைக் கரண்டிக் கணக்கால் உடைத்த புத்தகம் அது. ஆனால் அது ஒரு பிராமண வீட்டுச் சரக்கு அலமாரியிலிருந்து தொடங்குகிறது. பட்டியலில் உள்ள பொருள் வீட்டில் இருக்கும் என்பது அதன் முதல் நம்பிக்கை. நான் சொல்லும் குழம்பு எதிர்த்திசையிலிருந்து தொடங்குகிறது. எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் என்ன குழம்பு என்பது முடிவாகும்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988இல் தொகுப்பாக வந்தது. ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றில் தெற்கிலிருந்து வந்த மருமகள் சமையலறைச் சன்னல்களைப் பெரிதாக்கலாம் என்கிறாள். சன்னலுக்கு வெளியே துணி காயப்போடக் கொடிதான் கட்டப்படுகிறது. அதுவரை தெரிந்த மலையும் மறைகிறது. தமிழ்ப் பெண்ணியம் எத்தனை முறை சொன்னாலும் தீராத கதை. வடசென்னையிலிருந்து அதை வாசிக்கும்போது தலைப்பே எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. எங்கள் மாணவிகள் பலருடைய வீட்டில் மூலை இருக்கிறது, அறை இல்லை. ஒற்றை அறை வீடு. ஒரு மூலையில் மேடையும் சிலிண்டரும். அதன் எதிரே கட்டில், டிவி, புத்தகப் பை. மறைப்பதற்குச் சுவர் இல்லை. எல்லோர் கண் முன்னாலும் நடக்கும் வேலைதான் அங்கே யார் கண்ணிலும் படாமல் போகிறது. சுவர் இல்லாமலும் ஒரு வேலையை மறைக்க முடியும் என்றால், சுவரின் வேலையைச் சொல்தான் செய்கிறது.

ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ 2021இல் மலையாளத்தில் வந்து, 2023இல் தமிழிலும் எடுக்கப்பட்டது. குக்கரில் வேண்டாம், விறகடுப்பில் சோறு வடி என்று கேட்கும் மாமனாரை நாம் எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டோம். நாயகி கடைசியில் அந்த வீட்டைவிட்டு வெளியே போகிறாள், கைதட்டினோம். ஆனால் விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் நின்று கூடை எடுத்து வெயிலில் தெருத்தெருவாக விற்றுவிட்டு வீட்டுக்கு வரும் பெண் ஏற்கனவே வெளியே போனவள்தான். அவளுக்கு அடுப்பு சிறை அல்ல, இரண்டாவது ஷிப்ட். ‘சமையலறையிலிருந்து வெளியேறு’ என்பது அவளுக்கான முழக்கம் ஆகாது. ‘இன்னொருவர் உள்ளே வரட்டும்’ என்பதே அவளுக்கு வேண்டியது.

‘மெட்ராஸ்’, ‘வடசென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’ என்று இந்தப் பகுதியைத் திரையில் கண்டு மகிழ்ந்த தலைமுறை எங்களுடையது. அவற்றில் வலுவான பெண்கள் இருக்கிறார்கள். ஆனாலும் வடசென்னை என்றால் சினிமாவுக்குக் கத்தி ஞாபகம் வருகிறது, அரிவாள்மனை வருவதில்லை. யூடியூபில் சாப்பாட்டு வீடியோ எடுப்பவர்களுக்கு பீச் பக்கத்து அத்தோவும் பொரித்த மீனும் போதும். விற்காத குழம்பை யார் படம் எடுப்பார்கள்?

புகழ வேண்டாம், கணக்குப் போடுங்கள்

ஒரு நியாயமான கேள்வி எழும். சமையலை இவ்வளவு தூரம் பேசினால் பெண்ணை மறுபடியும் அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்துவதாகாதா? புகழ்ந்தால் ஆகும். ‘அன்னபூரணி’ என்று மாலை போட்டால் கட்டாயம் ஆகும். புகழ்வதற்குக் காசு செலவில்லை. நான் கேட்பது கணக்கு.

2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலைகளுக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. அந்த வேலைகளைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தொடங்கியபோது, அதற்கு வைத்த பெயர் ‘உதவித்தொகை’ அல்ல, ‘உரிமைத்தொகை’. ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம் என்பது போதுமா என்று தனியே சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் அந்த ஒரு சொல் மாற்றம் முக்கியமானது. வீட்டுக்குள் நடப்பது வேலை, அதற்கு உரிமை உண்டு என்று அரசாணை மொழி ஏற்றுக்கொண்ட பிறகும், நம் கவிதை நடுவர்களின் மொழி ‘வெறும்’ என்பதிலேயே நிற்கிறது.

சொற்கள் மாறக்கூடியவைதான். தக்காளி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த இந்தப் பழம் வருவதற்கு முன்பே அந்தச் சொல் இங்கே இருந்தது. மணத்தக்காளியில் இன்னும் இருக்கிறது. புதிதாக வந்ததைச் ‘சீமைத் தக்காளி’ என்றார்கள். வீட்டுக்கு வீடு புழங்கப் புழங்கச் ‘சீமை’ உதிர்ந்துபோனது. யாரும் சட்டம் போட்டு உதிர்க்கவில்லை. தினமும் கையாண்டதால் அந்த அடைமொழி தேவையில்லாமல் போனது.

மேடையில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி அதற்குப் பிறகு கவிதை எழுதவில்லை. இப்போது ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் தூக்கிப் போடவில்லை என்று சொன்னாள். இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டில் இந்த வாரம் வைத்த குழம்புகளை எழுதுங்கள். தக்காளி என்ன விலை, யார் வாங்கியது, யார் நறுக்கியது, எத்தனை மணிக்கு, யார் முதலில் சாப்பிட்டார்கள், யார் கடைசியில், அடியில் எவ்வளவு மிஞ்சியது. உவமை தேட வேண்டாம். எழுதியதை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அது கவிதையா இல்லையா என்று படித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம். படிக்குமுன் யாராவது ‘வெறும்’ என்று ஆரம்பித்தால், புளி எவ்வளவு போட வேண்டும் என்று அவரைக் கேளுங்கள்.